சேதுநாட்டுச் சபையில் உடை

சேதுநாட்டில் பெரிய இடத்துச் சபைக்குப் போகிறவர் எதை உடுத்திப் போக வேண்டும் என்பது நெடுங்காலம் அவர் கையில் இல்லை. அழைத்தவரின் அந்தஸ்தும் அழைக்கப்பட்டவரின் பிறப்பும் தொழிலும் சேர்ந்து அதை முடிவு செய்தன. வாலிநோக்கம், கீழக்கரை, இராமேஸ்வரம் என்று நீளும் கடற்கரையும் அதற்கு உள்ளே கிடக்கும் வறண்ட நிலமும் இராமநாதபுரம் சேதுபதிகளின் ஆட்சியில் இருந்தன. உடை முறையின் உச்சி அவர்களுடைய கொலு மண்டபம். அதன் அடி ஊர் எல்லையில், பெரும்பாலும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுப்பதில் தொடங்கியது.

கொலு மண்டபத்து வழக்கம் விஜயநகரத்திலிருந்து வந்தது. அங்கே அரசவைக்கு வருகிறவர்கள் தைத்த நீண்ட அங்கியும் உயர்ந்த குல்லாயும் அணிந்தார்கள். கோயிலுக்குள் அதே ஆட்கள் மேலுடம்பு திறந்து நின்றார்கள். இரண்டும் மரியாதைதான். அரசனுக்கு முன் உடம்பை மூடுவது ஒரு மரியாதை, தெய்வத்துக்கு முன் திறப்பது இன்னொரு மரியாதை. 1443-இல் விஜயநகரம் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், அரசன் பட்டு அங்கியில் வீற்றிருந்ததைக் குறித்துவைத்திருக்கிறார். பாரசீகம் முதல் தென்னாடு வரை அரசவைகள் ஏறக்குறைய ஒரே பாணியில் உடுத்திய காலம் அது. மதுரை நாயக்கர் வழியாக இந்த முறை சேதுபதிகளிடம் வந்து சேர்ந்தது.

கிழவன் சேதுபதி (1671–1710) தலைநகரைப் போகலூரிலிருந்து இராமநாதபுரத்துக்கு மாற்றினார். அங்குள்ள இராமலிங்க விலாசத்தின் சுவரோவியங்கள் பெரும்பாலும் அவருக்கு அடுத்து வந்த முத்து விஜயரகுநாத சேதுபதியின் (1710–1725) காலத்தைச் சேர்ந்தவை. சேதுநாட்டு அரசவை உடைக்கு அவற்றை விட நல்ல சான்று கிடையாது. உள்ளே உடுத்தியது தெரியும் அளவுக்கு மெல்லிய மஸ்லின் அங்கியில் சேதுபதி கொலுவிருக்கிறார். ஐரோப்பியரை வரவேற்கும் காட்சியும் இருக்கிறது. வந்தவர்கள் அவர்கள் நாட்டு உடையிலேயே இருக்கிறார்கள். அந்நியருக்கு மட்டும் அந்தச் சலுகை இருந்ததுபோலத் தெரிகிறது. மதுரை நாயக்கர் விஜயரங்க சொக்கநாதர் சேதுபதிக்கு இரத்தின அபிஷேகம் செய்யும் காட்சியில், யார் கொடுக்கிறவர், யார் வாங்குகிறவர் என்பதுதான் விஷயமே.

கொடுப்பதும் வாங்குவதும் இந்த மரபின் உயிர்நாடி. சபைக்கு வருகிறவர் தகுந்தபடி உடுத்தி வந்தால் மட்டும் போதாது. சபையில் கொடுக்கப்படும் துணியை அங்கேயே போட்டுக்கொள்ள வேண்டும். முகலாய அரண்மனைகளில் ‘கிலத்’ என்ற பெயரில் அங்கி வழங்கினார்கள். வாங்கி அணிந்தவர் கொடுத்தவரின் ஆளானார்; மறுத்தவர் பகைவரானார். தமிழ்க் கோயில்களில் தலையில் கட்டும் பரிவட்டமும் சபைகளில் போர்த்தும் சால்வையும் இதே குடும்பம். பாஸ்கர சேதுபதி 1892-இல் இராமநாதபுரத்தில் நடத்திய நவராத்திரி, இப்படிக் கொடுத்து வாங்குவதையே பத்து நாள் விழாவாக ஆக்கியது. 1803-இலேயே சேதுபதிகள் ஜமீன்தார்களாகிவிட்டார்கள். அதிகாரம் போன பிறகும் சால்வை போகவில்லை.

இன்றைய ஃபேஷன் ஷோவில் இந்தப் பழக்கம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. பாரிஸில் சார்லஸ் ஃபிரெடெரிக் வொர்த் 1858-இல் கடை தொடங்கி, தைத்த ஆடைகளை உயிருள்ள பெண்களுக்கு உடுத்திக் காட்டியதிலிருந்து இந்தக் காட்சிகள் வளர்ந்தன. இந்தியாவில் ஃபேஷன் வாரம் 2000-இல் வந்தது. முன்வரிசையில் உட்கார அழைக்கப்படும் நடிகை, அழைத்த வடிவமைப்பாளர் தைத்ததையே உடுத்தி வருவது எழுதாத விதி. பல நேரம் அந்த ஆடையே முன்கூட்டி அவர் வீட்டுக்கு வந்துவிடும். போட்டியாளர் தைத்ததை உடுத்தி வந்து உட்கார்ந்தால் அது அழைத்தவருக்கு அவமரியாதை. இராமலிங்க விலாசத்தில் நின்ற ஒரு பாளையத் தலைவருக்கு இதில் எதுவும் புதிதாகத் தோன்றியிருக்காது.

கடற்கரையில் கதை சற்று வேறு. துணி அங்கே முதலில் வியாபாரப் பொருள். இராமேஸ்வரம், மன்னார் தீவுகளின் மணலில் தோண்டி எடுத்த சாயவேரிலிருந்து துணிக்கு அழியாத சிவப்பு கிடைத்தது. டச்சுக்காரர்கள் துணிக்காகக் கீழக்கரையில் வந்து அமர்ந்தார்கள். கீழக்கரை வணிகர் சீதக்காதி, கிழவன் சேதுபதியிடம் ‘விஜயரகுநாத’ என்ற அரச பட்டத்தையே தம் பெயரோடு சேர்த்துக்கொள்ளும் உரிமை பெற்றார். கடற்கரை முஸ்லிம் வணிகரான மரக்காயர்களின் சபை உடை வெள்ளை: மூட்டிய வேட்டி, சட்டை, தொப்பி. வெளியே போகும் பெண்கள் வெள்ளைத் துப்பட்டி போர்த்தினார்கள். கடந்த சில பத்தாண்டுகளில்தான் கறுப்புப் புர்கா அதன் இடத்தைப் பிடித்தது. வாலிநோக்கத்துக்குப் பக்கத்து ஏர்வாடி தர்காவில் ஆண்கள் தலையை மூடாமல் உள்ளே போவதில்லை. எந்த மதத்தவரானாலும் சரி, தொப்பி இல்லாதவர் கைக்குட்டையையாவது கட்டிக்கொள்வார்.

ஊருக்குள் இறங்கினால் துண்டுதான் எல்லாம். வேலைக்காகத் தூக்கிக் கட்டிய வேட்டியைப் பெரியவர் எதிரில் வந்ததும் இறக்கிவிட வேண்டியிருந்தது. தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்ட வேண்டும், அல்லது கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும் என்பது வழக்கமாக இருந்தது. சிலருக்குத் தோளில் போடும் உரிமையே இருக்கவில்லை. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடருக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். மானுடவியலாளர் ஜே. எச். ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்களின் வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, சட்டை, பனியன் கூடாது, கிராப்பு கூடாது, குடையும் செருப்பும் கூடாது, தங்கம், வெள்ளி நகை கூடாது, பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மூடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகளுக்குத் தீ வைக்கப்பட்டது. மரியாதை என்ற சொல்லுக்குள் எவ்வளவு கொடுமை அடங்கியிருந்தது என்பதற்கு இந்தப் பட்டியலே போதும்.

வெள்ளைக்காரர்களும் உடையால் மரியாதை அளக்கும் இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டார்கள். காலணியைக் கழற்றாமல் தங்கள் முன் வந்து நின்ற இந்தியர் அவர்களுக்கு உறுத்தினார். 1854-இல் கவர்னர் ஜெனரல் ஒரு தீர்மானம் போட்டு, ஐரோப்பிய பூட்ஸ் அணிந்தவர்கள் அரசு விழாக்களில் அதோடு வரலாம் என்றார். நாட்டுச் செருப்பைக் கழற்றத்தான் வேண்டியிருந்தது. 1911 டெல்லி தர்பாருக்கு பரோடா மன்னர் சாயாஜிராவ் நகை அணியாமல் எளிய வெள்ளை உடையில் வந்தது பெரிய சர்ச்சையானது. பத்து ஆண்டு கழித்து, 1921 செப்டம்பர் 22 அன்று, மதுரை மேலமாசி வீதியில் காந்தி சட்டையும் தொப்பியும் விட்டு நான்கு முழத் துணிக்கு மாறினார். 1931 நவம்பரில் பக்கிங்ஹாம் அரண்மனைத் தேநீர் விருந்துக்கு அதே துணியோடும் ஒரு சால்வையோடும் போனார். விருந்தாளி என்ன உடுத்துவார் என்பதை அழைத்தவர் சொல்ல முடியாமல் போன விருந்து அது.

இராமநாதபுரம் பக்கத்தில் அதே சண்டையைத் துண்டை வைத்து நடத்தினார்கள். அன்று இம்மாவட்டத்தில் இருந்த கானாடுகாத்தானில் ஒரு செட்டியார் வீட்டுத் திருமண ஊர்வலம். நாதஸ்வரம் மதுரை சிவக்கொழுந்து. அவர் தோளில் துண்டு போட்டு வாசித்ததைச் சிலர் எடுக்கச் சொன்னார்கள். சுயமரியாதை இயக்கத்தின் பட்டுக்கோட்டை அழகிரிசாமி, எடுக்கக் கூடாது என்று பக்கத்தில் நின்றார். துண்டு தோளிலேயே இருந்தது. பிறகு திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கோட்டும் பட்டுச் சட்டையுமாக மேடை ஏறியபோது, யாரும் கேள்வி கேட்கும் நிலையில் இல்லை.

வேட்டிக்கும் ஒரு சோதனை வந்தது. 2014 ஜூலையில் சென்னையில் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் புத்தக வெளியீட்டு விழாவுக்கு வேட்டியில் போனார். கிரிக்கெட் சங்கத்தின் கிளப் அவரை உள்ளே விடவில்லை. பேண்ட், காலர் சட்டை, ஷூ என்பது வெள்ளைக்காரர் விட்டுப்போன கிளப் விதி. அடுத்த மாதமே சட்டசபை சட்டம் இயற்றியது. வேட்டியோ வேறு இந்திய மரபு உடையோ அணிந்தவரைக் கிளப்புகள், அரங்குகள் போன்ற பொது இடங்கள் தடுத்தால் உரிமம் ரத்தாகும். ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. இதற்கு எதிர்த்திசையில், 2015 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கோயில் பக்தர்களுக்கு உடைவிதி வகுத்தது. 2016 ஜனவரி முதல் தேதி அமலான அது அதே மாதம் நிறுத்திவைக்கப்பட்டது.

2014 சட்டம் வேட்டியைப் பெயர் சொல்லிக் காப்பாற்றியது. ஆனால் சேதுநாட்டுக் கடற்கரையில் நாள் முழுக்கக் கட்டுவது கைலி. வாலிநோக்கத்தில் வலை பார்க்கவும் உப்பளத்துக்குப் போகவும் டீக்கடையில் உட்காரவும் அதுதான். கல்யாணத்துக்கோ இராமநாதபுரம் கலெக்டர் அலுவலகத்துக்கோ கிளம்பும்போது அதை அவிழ்த்துவிட்டு வேட்டியோ பேண்டோ போடுகிறார்கள். யாரும் சொல்லாமலே அந்த விதி நடக்கிறது.