வலிக்காத புண்: இரைப்பையின் கதை

உடம்பு வலிக்கு மாத்திரை, மன வலிக்கு மது என்று பழகியவர்களை வயிறு பிறகு வருடக்கணக்கில் படுத்தி எடுக்கும். இது இன்று பலருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் இதை மருத்துவர்கள் கண்ணால் காண்பதற்கு ஒரு துப்பாக்கி வெடிக்க வேண்டியிருந்தது.

1822 ஜூன் 6 அன்று, அமெரிக்காவின் மக்கினாக் தீவில் தவறுதலாக வெடித்த ஒரு துப்பாக்கி, அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கனடியத் தொழிலாளியின் வயிற்றைக் கிழித்தது. ராணுவ மருத்துவர் வில்லியம் பியூமான்ட் அவரைப் பிழைக்க வைத்தார். ஆனால் இரைப்பையில் விழுந்த ஓட்டை கடைசிவரை மூடவில்லை. பியூமான்டுக்கு அதுவே ஜன்னல் ஆயிற்று! அதன் வழியே பல ஆண்டுகள் செய்த சோதனைகளை 1833-இல் நூலாக வெளியிட்டார்.

அதில் ஒரு முக்கியமான குறிப்பு உண்டு. மார்ட்டின் தொடர்ந்து சில நாட்கள் குடித்தபோது இரைப்பையின் உட்சுவர் சிவந்து, புண்பட்டிருந்தது. அவரோ வலியில்லை, நன்றாகப் பசிக்கிறது என்றார்! அதாவது, வயிறு கெடத் தொடங்கும்போது உடம்பு சொல்வதில்லை.

மாத்திரையின் கதையும் இதுபோலத்தான். 1899-இல் ஆஸ்பிரின் சந்தைக்கு வந்தது. வலி போக்கும் அதிசய மருந்து என்று உலகமே விழுங்கியது. 1938-இல் லண்டன் மருத்துவர்கள் டவ்த்வெயிட், லின்டாட் இருவரும் வயிற்றுக்குள் குழாய்க் கருவியைச் செலுத்திப் பார்த்து, அது இரைப்பையைப் புண்ணாக்குவதைக் காட்டினர். காரணம் 1971-இல்தான் புரியத் தொடங்கியது. வலியை உண்டாக்கும் புரோஸ்டாகிளான்டின் என்ற பொருளை ஆஸ்பிரின் தடுக்கிறது என ஜான் வேன் கண்டறிந்தார். இரைப்பையின் பாதுகாப்புப் படலத்தைக் காப்பதும் அதே பொருள்தான். படலம் பலவீனமான இடத்தில் மதுவும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்?

1982-இல் மார்ஷல், வாரன் என்ற ஆஸ்திரேலியர்கள் வயிற்றுப் புண்ணுக்குக் காரணமான கிருமியை வளர்த்துக் காட்டினர். அதனால் மாத்திரையும் மதுவும் குற்றமற்றவை ஆகிவிடவில்லை. கிருமி இல்லாதவருக்கும் வலி மாத்திரைகளால் புண் வரும். தினமும் மூன்று கோப்பையோ அதற்கு மேலோ மது அருந்துவோர் மருத்துவரைக் கேட்க வேண்டும் என்ற எச்சரிக்கையை வலி மாத்திரைகளில் அச்சிட 1998-இல் அமெரிக்க அரசு கட்டாயமாக்கியது.

மார்ட்டினுக்கு வயிற்றில் ஜன்னல் இருந்தது, மற்றவர்களுக்கு இல்லை. ஆகவே வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மலம் தார்போலக் கறுத்தாலோ, வாந்தியில் ரத்தம் தெரிந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குடிப்பவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வது அதைவிட முக்கியம்.