வளைகுடாவிலிருந்து திரும்பி பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள்: பெற்றோர் கவனத்திற்கு

ஆரணி போன்ற பட்டு நெசவு ஊர்களில், தறி வருமானம் போதாமல் வளைகுடா சென்ற குடும்பங்கள் பல. அவர்கள் ஊர் திரும்பும் காலம் எப்போதும் அவர்கள் கையில் இருப்பதில்லை. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தை ஆக்கிரமித்தபோது சுமார் 1,70,000 இந்தியர்கள் தாயகம் அழைத்து வரப்பட்டனர். 2020 கொரோனா காலத்திலும் பலர் வேலையிழந்து திரும்பினர். அந்த நேரத்தில் பிள்ளை பிளஸ் டூவில் இருந்தால் என்ன செய்வது?

சுருக்கமான பதில்: நாடு மாறலாம்; பாடத்திட்டம் மாறக் கூடாது.

பள்ளி மாற்றம்

வளைகுடாவின் இந்தியப் பள்ளிகளில் பெரும்பாலானவை சி.பி.எஸ்.இ. இணைப்பு பெற்றவை. அங்கு பதினொன்றாம் வகுப்பு தேர்ச்சி பெற்றவர், இங்குள்ள சி.பி.எஸ்.இ. பள்ளியில் பன்னிரண்டில் சேரலாம். ஆனால் குடும்பம் இடம்பெயர்ந்தது போன்ற தகுந்த காரணம் வேண்டும். பள்ளி வழியாக வாரியத்தின் அனுமதியும் பெற வேண்டும். பாடப்பிரிவு பதினொன்றில் படித்ததாகவே இருக்க வேண்டும். ஆரணியில் அதே பிரிவு கிடைக்காவிட்டால் வேலூர், திருவண்ணாமலை, காஞ்சிபுரத்தில் விசாரியுங்கள்.

இப்பள்ளிகள் ஏப்ரலில் தொடங்கிவிடும். பொதுத்தேர்வு எழுத 75% வருகைப்பதிவு தேவை. எனவே ஜூன் வரை காத்திருக்க வேண்டாம்.

வெளிநாட்டுப் பாடத்திட்டத்தில் படித்தவர்கள், சேர்வதற்கு முன் தங்கள் தகுதியைப் பள்ளியில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

மாநிலப் பாடத்திட்டத்தில் மேல்நிலைக் கல்வி இரண்டாண்டுப் படிப்பு. அதில் சேர ஏற்ற இடம் பதினொன்றாம் வகுப்பின் தொடக்கம். முன்கூட்டியே திட்டமிட முடிந்தவர்கள், பத்தாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளையை ஊருக்கு அழைத்து வருவது நல்லது. தமிழ் படிக்காத பிள்ளைகள் அங்கு மொழிப்பாடமாக அரபி, உருது, பிரெஞ்சு போன்றவற்றை எடுக்கலாம். பள்ளியில் ஆசிரியர் இருக்கிறாரா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்லூரிச் சேர்க்கைக்கான சான்றுகள்

பலர் கோட்டை விடுவது இங்குதான்.

1. இருப்பிடச் சான்றிதழ்: பொறியியல் கலந்தாய்வுக்கு 8 முதல் 12 வரை, மருத்துவத்துக்கு 6 முதல் 12 வரை தமிழ்நாட்டில் படித்திருந்தால் இது தேவையில்லை. இடையில் ஓராண்டு வெளியே படித்திருந்தாலும் தேவை.

2. சாதிச் சான்றிதழ்: பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5% இட ஒதுக்கீடு 2007 முதல் உள்ளது. லெப்பை, தக்கனி, ஷேக், சையத், அன்சர், தூதேகுலா, மாப்பிள்ளை ஆகிய ஏழு பிரிவினர் இதில் அடங்குவர். இந்த இரு சான்றுகளுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். விசாரணை வட்டாட்சியர் அலுவலகம் வழியாக நடக்கும்.

3. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% உள் ஒதுக்கீட்டை நம்பி, கடைசி ஆண்டில் அரசுப் பள்ளியில் சேர்க்க வேண்டாம். அதற்கு ஆறாம் வகுப்பிலிருந்தே தகுதி கணக்கிடப்படும்.

4. தந்தை இன்னும் வளைகுடாவில் பணியில் இருந்தால், அவரது பணிச் சான்று, விசா நகல்களைப் பத்திரப்படுத்துங்கள். வளைகுடாத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கென அண்ணா பல்கலைக்கழகத்தில் தனி இடங்கள் உள்ளன.

விமானம் ஏறும் முன் மாற்றுச் சான்றிதழ், பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் மூன்றும் கையில் இருக்கட்டும். ஊருக்கு வந்த பிறகு அவற்றை அங்கிருந்து வரவழைக்க வாரங்கள் ஆகலாம். பொதுத்தேர்வு ஆண்டில் அந்த வாரங்களைத் திரும்பப் பெற முடியாது.