இரு துண்டில் ஒரு வில்

ஆங்கிலேயர் நெடுவில்லுக்கு யூ மரத்தையே நாடியதற்குத் தக்க காரணம் உண்டு. வில்லின் இழுபடும் முதுகுக்கு மரத்தின் வெளிப்பகுதியான வெளிறும், நசுங்கும் வயிற்றுக்கு உட்பகுதியான வைரமுமாக, இருவேறு குணங்கள் ஒரே கட்டையில் இயல்பாகவே ஒட்டிக்கிடக்கும் விசித்திரம் அம்மரத்துக்கு வாய்த்திருந்தது. ஆயினும் கணுவும் முறுக்குமின்றி ஆறடி ஓடும் தண்டு அதில் அபூர்வம். அந்த அபூர்வத்தை ராஜாங்கம் சட்டத்தால் வெல்ல முயன்றது: வெனிஸ் முதலிய இடங்களிலிருந்து வரும் கப்பல்கள் டன் சரக்குக்கு நான்கு வில்கட்டைகள் கொணர வேண்டுமென்று 1472-இல் விதிக்கப்பட்டது, 1484-இல் மூன்றாம் ரிச்சர்டின் ஆட்சியிலோ, மதுப்பீப்பாய் ஒன்றுக்குப் பத்துக் கட்டைகள் என்றாயிற்று.

மூன்றடி நீளத்துக்குக் குற்றமற்ற மரம் அவ்வளவு அரிதன்று. இரண்டை நடுவில் பொருத்தினால் வில் ஆகிவிடுமே, கடல்கடந்து ஏன் அலைந்தனர் என்று வாசகர் வினவலாம். பொருத்தை ஒட்டும் பசையான, தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரம் ஈரத்தில் இளகும். மழையில் நனைந்து நிற்கும் போர்வீரன் அதை நம்பமாட்டான் என்பதே இதற்கு விடை என எனக்குத் தோன்றுகிறது. (துருக்கியர் வச்சிரத்தாலேயே கூட்டுவில் செய்தனரே எனில், அவர்கள் அதன்மேல் தோலும் மெருகும் போர்த்திக் காத்தனர்.) 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற போர்க்கப்பலிலிருந்து நம் காலத்தில் வெளிவந்த நூற்றுக்கு மேற்பட்ட விற்கள் ஒற்றைக்கட்டையில் செதுக்கப்பட்டவையே.

1595-இல் படைப்பயிற்சியில் துப்பாக்கி வில்லின் இடத்தைப் பிடித்தபின், வில் வித்தை கனவான்களின் வினோதமாயிற்று. 1781-இல் சர் ஆஷ்டன் லீவர் லண்டனில் ஒரு வில்லாளர் சங்கமே நிறுவினார். மழை வந்தால் கூடாரத்துக்குள் ஒதுங்கிவிடும் வில்லாளருக்குப் பொருத்துவில் போதுமானதாயிற்று. அதைச் செய்யும் முறை நுட்பமானது. ஒரே அடிமரத்தில் அருகருகே பிளந்த இரு துண்டுகளையே எடுப்பர். அவற்றின் வேர்ப்பக்கங்கள் நடுவில் சந்திக்க, நுனிப்பக்கங்கள் இரு கோடிகளையும் நோக்க, வெளிறும் வெளிறும் ஒரே வரிசையில் அமைய வேண்டும். இன்றேல் வில்லின் ஒரு கை விறைத்து மறுகை தொய்யும். மரத்தின் வெட்டுமுகத்தில் வச்சிரம் பற்றாதாகையால், ஏறத்தாழ நான்கங்குல நீளத்துக்குச் சரிந்தோடும் பற்களை மீன்வால்போல் அறுத்து ஒன்றினுள் ஒன்று செருகுவர். பக்கவாட்டு முகங்கள் நீண்டிருப்பதால் பிடிப்பும் நீள்கிறது. நாணிழுக்கையில் பிடி ஏறக்குறைய வளைவதில்லை. ஆகவே பொருத்துக்கு அதுவே உரிய ஸ்தானம். காய்ந்தபின் கயிறும் துணியும் சுற்றினால் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் மகா வில்லாளரான ஹோரேஸ் ஃபோர்டு தம் நூலில், ஒற்றைக்கட்டை விற்கள் அரியவை என்றும், பெரும்பான்மையானவை பிடியில் இணைத்தவையே என்றும் எழுதியது, அக்காலத்தார் இதனைக் குறைபாடாகக் கருதவில்லை என்பதற்குச் சான்று. பின்னர் கலிபோர்னியாவில், இஷி என்ற யானா இனத்தவரிடம் வில்பயின்ற மருத்துவர் சாக்ஸ்டன் போப், 1923-இல் வெளியிட்ட வேட்டைநூலில், நெடுங்கட்டை கிடைக்காதோருக்கு இந்த மீன்வால் பொருத்தையே பரிந்துரைத்தார்.