குத்தூசியும் கூலித் தொழிலாளரும்: குறைந்த கட்டண அக்குபஞ்சர் மருத்துவத்தின் வரலாறு குறித்து ஒரு நோக்கு

முன்னுரை

சிலாங்கூரின் உலு லங்காட் மாவட்டத்திலுள்ள செமினி வட்டாரத்தில் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புப் பகுதிகளாக மாறின. அம்மாற்றத்தில் தோட்ட மக்கள் இழந்தவை பற்றிப் பேசும்போது வீடு, கோயில், தமிழ்ப்பள்ளி ஆகிய மூன்றையுமே நாம் பெரிதும் எண்ணுகிறோம். நான்காவதாக ஒன்றும் உண்டு. அது தோட்ட மருத்துவமனை. விடியுமுன் பால்மரக் காட்டிற்குச் சென்று, குனிந்து நிமிர்ந்து மரம் சீவி, நிறைந்த வாளிகளைச் சுமந்தவர்கள் தங்கள் முழங்கால் வலியையும் இடுப்பு வலியையும் கொண்டு சென்று காட்டிய இடம் அதுவே. தோட்டம் விற்கப்பட்டபோது வலி அவர்களோடு வந்தது, மருத்துவமனை வரவில்லை.

இத்தகைய நாட்பட்ட வலிகளுக்குக் குறைந்த செலவில் மருத்துவம் தரும் முயற்சிகள் உலகின் பல பகுதிகளில் அக்குபஞ்சர் எனப்படும் குத்தூசி மருத்துவத்தைக் கொண்டு மேற்கொள்ளப்பட்டுள்ளன. அவற்றுள் இந்தியாவில் தோன்றிய முயற்சி தமிழாய்வாளர்களிடையே போதிய கவனம் பெறவில்லை. அதன் தோற்றத்தையும் வளர்ச்சியையும் மலாயாத் தோட்ட மருத்துவ வரலாற்றோடு இணைத்துக் காண இக்கட்டுரை முற்படுகிறது. அம்மருத்துவம் மலிவாக அமைந்ததற்குக் காரணம் ஊசியின் விலை அன்று, அதைச் சூழ்ந்த ஏற்பாடே என்பது இக்கட்டுரையாளரின் கருத்தாகும்.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். அக்குபஞ்சர் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், அது நம் வர்மக் கலையிலிருந்து பிறந்தது என்றும் போகரே அதனைச் சீனத்திற்குக் கொண்டு சென்றார் என்றும் கூறும் வழக்கம் நம்மிடையே உள்ளது. இக்கூற்றை மெய்ப்பிக்கும் காலம் உறுதி செய்யப்பட்ட சான்று எதுவும் இதுவரை முன்வைக்கப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டில் அக்குபஞ்சர் இந்தியாவுக்கு வந்த வழிக்கோ ஆண்டும் பெயரும் உண்டு. அதைப் பேசுவதே பயனுடையது.

யெனானுக்குச் சென்ற ஐவர்

1937ஆம் ஆண்டு சப்பான் சீனத்தின்மீது படையெடுத்தபோது, சீனத் தளபதி ஜூ தே, சவகர்லால் நேருவுக்குக் கடிதம் எழுதி மருத்துவ உதவி கோரினார். 1938இல் இந்தியத் தேசியக் காங்கிரசின் தலைவராக இருந்த சுபாஷ் சந்திர போஸ் பொதுமக்களிடம் விடுத்த வேண்டுகோளின் பயனாக ஏறத்தாழ 22,000 ரூபாய் திரட்டப்பட்டது. மதன் மோகன்லால் அட்டல், எம்.ஆர். சோல்கர், துவாரகாநாத் கோட்னிஸ், பிஜோய் குமார் பாசு, தேபேஷ் முகர்ஜி ஆகிய ஐந்து மருத்துவர்கள் அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் பம்பாயிலிருந்து கப்பலேறினர். 1939ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர்கள் பொதுவுடைமையர் தலைமையிடமான யெனானை அடைந்தனர். அதே 1938ஆம் ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூரில் டான் கா கீ தலைமையில் தென்கடல் சீனரின் நிவாரண நிதிக் கூட்டமைப்பு உருவானது என்பதும் இங்குக் கருதத்தக்கது. நம் வட்டாரத்துச் சீனரும் இந்திய மக்களும் ஒரே போருக்காக ஒரே ஆண்டில் பணம் திரட்டியுள்ளனர்.

ஐவருள் கோட்னிஸ் 1942ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் சீனத்திலேயே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 32. 1946இல் வி. சாந்தாராம் எடுத்த திரைப்படம் அவர் பெயரை இந்தியா முழுவதும் கொண்டு சென்றது. உயிருடன் திரும்பியவர்களுக்கு அத்தகைய புகழ் வாய்க்கவில்லை. 1943இல் தாயகம் திரும்பிய பாசு, வங்கப் பஞ்சத்தின் கொடுமை தலைவிரித்தாடிய காலத்தில் கல்கத்தாவை வந்தடைந்தார்.

பாசு சீனத்தில் ஐந்தாண்டுகள் பணியாற்றியும் அக்குபஞ்சரைக் கற்று வரவில்லை என்பது வியப்பளிக்கும் செய்தி. அதற்குக் காரணம் உண்டு. யெனானிலேயே அம்மருத்துவம் மருத்துவமனைக்குள் நுழைந்தது அவர் புறப்பட்ட பின்னரே ஆகும். முற்றுகையினால் மேலைநாட்டு மருந்துகள் கிடைக்காத நிலையில், 1945ஆம் ஆண்டு ஏப்ரலில் ரென் சுவோதியன் என்னும் மரபுவழி மருத்துவர், யெனானிலிருந்த பெத்யூன் அனைத்துலக அமைதி மருத்துவமனையில் அக்குபஞ்சர் பிரிவைத் தொடங்கினார். அவரிடம் கற்றவர் மேலை மருத்துவம் பயின்ற சூ லியன் என்னும் பெண் மருத்துவர். அவர் 1951இல் வெளியிட்ட புதிய அக்குபஞ்சர் பாடநூல் அம்மருத்துவத்தைக் குறைந்த காலத்தில் பலருக்கும் கற்பிக்கத்தக்க ஒரு முறையாக ஒழுங்குபடுத்தியது. 1960களின் பிற்பகுதியில் சீன நாட்டுப்புறங்களில் பணியாற்றிய ‘வெறுங்கால் மருத்துவர்’ பையில் ஊசிகள் இடம்பெற்றதற்கு இப்பணியே அடித்தளம் எனலாம். ஆகவே, மலிவான அக்குபஞ்சர் என்பது தொன்மையின் எச்சம் அன்று. மருந்துப் பஞ்சத்தில் உருவான நவீன ஏற்பாடு.

கல்கத்தாவில் குத்தூசி

பாசு 1950களின் இறுதியில் மீண்டும் சீனம் சென்றபோது அக்குபஞ்சரை முறையாகப் பயின்றார். 1959இல் கல்கத்தாவில் அம்மருத்துவத்தைச் செய்யத் தொடங்கினார். இந்தியாவில் நவீன மருத்துவப் பட்டம் பெற்றவர்களுள் இதனை முதலில் மேற்கொண்டவராக அவர் கருதப்படுகிறார். மூன்றே ஆண்டுகளில் இந்திய - சீனப் போர் மூண்டது. இந்தியாவில் வாழ்ந்த சீன வம்சாவளியினர் ஆயிரக்கணக்கில் இராசத்தானத்தின் தியோலி முகாமில் அடைக்கப்பட்டனர். சீனத்தோடு தொடர்புடைய எதுவும் ஐயத்துக்குரியதாகிய அக்காலத்தில் சீன ஊசியைக் கையில் பிடிப்பது வெறும் மருத்துவச் செயலாக மட்டும் இருந்திருக்க முடியாது.

1970களில் கோட்னிஸ் நினைவுக் குழு புத்துயிர் பெற்றபோது நிலைமை மாறியது. சிலை வைப்பதோடும் நினைவுநாள் கொண்டாடுவதோடும் நின்றுவிடாமல், அக்குழு அக்குபஞ்சர் பயிற்சியையும் ஏழை மக்களுக்கான சிகிச்சை நிலையங்களையும் தன் பணியாக ஏற்றது. இளம் மருத்துவர்களும் தொண்டர்களும் அதில் ஈடுபட்டனர். 1952இல் கல்கத்தாவில் மாணவர்களின் சிறு சந்தாவைக் கொண்டு தொடங்கப்பட்ட மாணவர் நல இல்லம் போன்ற முன்மாதிரிகள் வங்கத்தில் ஏற்கெனவே இருந்தன. பலரின் சிறு காசில் பொது மருத்துவத்தை நடத்தலாம் என்பது அந்நகருக்குப் புதிதன்று. பாசு 1986இல் மறைந்தார். 1996இல் மேற்கு வங்க அரசு அக்குபஞ்சர் மருத்துவத்திற்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. அவர் பெயரில் பயிற்சி, ஆய்வு நிறுவனமொன்றும் கல்கத்தாவில் அமைந்தது. நடுவண் அரசு 2003இல் அதனை ஒரு சிகிச்சை முறையாக ஏற்று, 2019இல் தனி மருத்துவ முறையாக அங்கீகரித்தது.

சட்டம் வந்ததும் பதிவும் பட்டயமும் வந்தன. இது தேவையே, தூய்மையற்ற ஊசி மஞ்சள் காமாலையைப் பரப்பும் என்பதை மறத்தல் ஆகாது. ஆயினும், பதிவு பெற்ற ஒவ்வொருவரும் தொண்டராக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கூறுவதில்லை. இயக்கம் தொழிலாக மாறும் இடம் இதுவே.

கட்டணத்தின் கணக்கு

அக்குபஞ்சரைக் குறைந்த கட்டணத்தில் நடத்துவது எங்ஙனம் இயலும்? ஊசி குத்துவதற்கு மருத்துவருக்குச் சில நிமிடங்களே தேவை. குத்திய ஊசிகள் இருபது முதல் முப்பது நிமிடம் உடலில் இருத்தல் வேண்டும். தனியறையில் ஒருவரைப் படுக்கவைத்தால் அந்த நேரம் முழுவதற்கும் அவர் ஒருவரே விலை கொடுக்க வேண்டும். ஒரே கூடத்தில் பலரை நாற்காலிகளில் அமர்த்தினால், ஒரு மருத்துவர் வரிசையாகச் சென்று அனைவருக்கும் ஊசியிட முடியும், செலவும் பகிரப்படும். அவ்வாறு அமர்த்த வேண்டுமாயின் முழங்கைக்குக் கீழும் முழங்காலுக்குக் கீழும் காதிலும் உள்ள புள்ளிகளையே தேர்ந்தெடுக்க வேண்டும். அதனால் ஆடை களைய வேண்டிய தேவையில்லை. நம் தோட்டப் பெண்மணிகளை அறிந்தவர்கள் இதனைச் சிறு செய்தியாகக் கருதமாட்டார்கள்.

அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் 2002இல் லிசா ரோலெடர் முதலியோர் தொடங்கிய உழைப்பாளர் அக்குபஞ்சர் நிலையம் இக்கணக்கையே பின்பற்றியது. 15 முதல் 35 டாலர் வரை நோயாளி தாமே தம் கட்டணத்தைத் தீர்மானித்தார். வருமானச் சான்று கேட்கப்படவில்லை. 2011இல் மருத்துவர், ஊழியர், நோயாளி ஆகிய அனைவரும் உறுப்பினராகும் கூட்டுறவு அமைப்பு ஒன்று அதிலிருந்து வளர்ந்தது. அதற்கு முன்னரே, 1970இல், நியூயார்க்கின் லிங்கன் மருத்துவமனையில் கறுப்பின, போர்ட்டோ ரிக்கோ இளைஞர்கள் போராடிப் பெற்ற போதைமீட்புப் பிரிவில், காதில் ஊசியிடும் முறை பின்னர் இடம்பெற்றது. இலங்கையில் மருத்துவர் அன்டன் ஜயசூரிய கொழும்பு தெற்கு மருத்துவமனையில் நடத்திய இலவசப் பிரிவும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கதே.

இம்மருத்துவத்தின் பயன் குறித்து மிகைபடக் கூறுதல் கூடாது. 1979இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் சார்பில் வெளியான 43 நோய்களின் பட்டியல் பெரும்பாலும் மருத்துவர்களின் அனுபவத்தை அடிப்படையாகக் கொண்டது. பிற்காலச் சோதனைகளில் நாட்பட்ட முதுகுவலி, முழங்கால் மூட்டுவலி, தலைவலி ஆகியவற்றில் ஓரளவு பயன் காணப்பட்டுள்ளது. போலி ஊசியோடு ஒப்பிடும்போது அவ்வேறுபாடு சிறிதே. நீரிழிவுக்கோ புற்றுநோய்க்கோ அது மாற்று மருந்தன்று.

மலாயாவில் மருத்துவம் யார் கையில்?

கோலாலம்பூரின் புடு சாலையில் இன்றும் இயங்கும் துங் சின் மருத்துவமனை, 1881இல் யாப் குவான் செங் தொடங்கிய அறநிலையத்திலிருந்து வளர்ந்தது. ஏழை ஈயச் சுரங்கத் தொழிலாளருக்கு இலவசச் சீன மருத்துவம் அளிப்பது அதன் நோக்கம். செல்வந்தரின் கொடையினால் நிகழ்ந்ததாயினும், அது சமூகத்தின் உடைமையாக நிலைத்தது.

தோட்டத் தமிழரின் நிலை வேறு. மருத்துவமனை அமைப்பது சட்டத்தால் முதலாளிமீது சுமத்தப்பட்ட கடமை. கட்டடமும் மருந்தும் டிரஸ்ஸரும் நிருவாகத்தைச் சார்ந்தவை. நோயாளி வேலைக்குத் தகுதியானவனா என்பதையே அங்குள்ளவர் முதலில் பார்த்தனர் என்னும் மனக்குறை தொழிலாளரிடையே ஆழமாக இருந்தது. பாசு யெனானில் பணியாற்றிய அதே காலத்தில், 1941ஆம் ஆண்டு, கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் ஆர்.எச். நாதன் முதலியோர் வழிகாட்டலில் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை மூடல், துரையின் முன் மிதிவண்டியிலிருந்து இறங்காதிருக்கும் உரிமை ஆகியவற்றோடு முறையான மருத்துவ வசதியும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். மிதிவண்டிக் கோரிக்கையை நம் வரலாற்று நூல்கள் விரும்பி எடுத்துரைக்கின்றன. மருத்துவக் கோரிக்கையோ பட்டியலில் ஒரு வரியாகவே நின்றுவிட்டது.

அக்கோரிக்கை நல்ல மருத்துவத்தை முதலாளியிடம் கேட்டது. அன்றைய நிலையில் வேறு எவரிடம் கேட்டிருக்க முடியும்? ஆனால் முதலாளியின் உடைமையாக இருந்த மருத்துவமனை, முதலாளி நிலத்தை விற்ற நாளில் தானும் மறைந்தது. செமினியில் சீனர் வாழும் புதுக்கிராமம் சில கல் தொலைவிலேயே இருந்தும், அறநிலையம் நடத்தும் அவர்தம் முறையைத் தோட்ட மக்கள் அருகிருந்து கற்கும் வாய்ப்பு அமையவில்லை. தோட்டத்தையும் கிராமத்தையும் மொழியும் வேலியும் பிரித்திருந்தன.

இந்நாட்டு அரசு 2007 அக்டோபரில் கெப்பாளா பாத்தாஸ் மருத்துவமனையில் மரபுவழி மருத்துவப் பிரிவைத் தொடங்கி, பின்னர் அதனைப் புத்ராஜெயா உள்ளிட்ட பிற மருத்துவமனைகளுக்கும் விரிவுபடுத்தியது. நாட்பட்ட வலிக்கும் பக்கவாதத்திற்குப் பின்னான நிலைக்கும் அங்கு அக்குபஞ்சர் அளிக்கப்படுகிறது. 2016ஆம் ஆண்டின் மரபுவழி, நிரப்பு மருத்துவச் சட்டம் அதற்கு ஒழுங்குமுறையும் வகுத்துள்ளது. எனினும் அங்குச் செல்ல மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். நாட்பட்ட வலிக்கு ஒருமுறை சென்றால் போதாது, பலமுறை செல்ல வேண்டும். செமினியில் அடுக்குமாடி வீட்டில் வாழும் முன்னாள் பால்மரத் தொழிலாளி ஒருவர், முழங்கால் வலியோடு படியிறங்கிப் பேருந்துக்குக் காத்திருந்து புத்ராஜெயா சென்று திரும்ப ஒரு பகல் கழிந்துவிடும். தோட்ட மருத்துவமனை எத்துணைக் குறையுடையதாயினும் நடந்து சென்றடையும் தொலைவில் இருந்தது.