சுவர் மிஞ்சாத ஆலயம்



நான் இளங்குருவாக இருந்த ஒரு பங்கில் பழைய ஆலயத்தை இடித்துப் புதிதாகக் கட்டினோம். இடிபாட்டில் சிலுவை செதுக்கிய கல் ஒன்று கிடந்தது. "தேய்ஞ்சு போன கல்லு சாமி, கடைக்கால்ல போட்டுடலாமா?" என்று கேட்டார் மேஸ்திரி. நானும் தலையசைத்துவிட்டேன். அந்தக் கல்லின் வயது என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியும் அது என் மனத்தை விட்டு அகலவில்லை.

நம் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து கடலூர்க் கடற்கரை எட்டும் தூரம்தான். அந்தக் கடலுக்குத் தெற்கே உள்ள இலங்கையில், பழைய தலைநகரான அனுராதபுரத்தில், 1912-ஆம் ஆண்டு அகழாய்வு நடந்தது. அங்கே கருங்கல்லில் செதுக்கிய சிலுவை ஒன்று கிடைத்தது. படிகள் கொண்ட பீடத்தின்மேல் அது நிற்கிறது. அடியில் இருபுறமும் இலைகள் எழும்புகின்றன. நம் சென்னைப் பரங்கிமலையில் 1547-இல் கிடைத்த, பகலவி எழுத்துள்ள கற்சிலுவைக்கு அது உறவுபோலத் தோன்றுகிறது.

முதலில் அதைப் போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சிலுவை என்றே எண்ணினார்கள். ஆனால் போர்த்துக்கீசியர் இலங்கைக்கு வந்தது 1505-இல். அதற்கு ஏறக்குறைய 500 ஆண்டுகளுக்கு முன்பே அனுராதபுரம் தலைநகர் என்ற நிலையை இழந்திருந்தது. 1926-இல் காட்ரிங்டன் என்ற அறிஞர் ஒரு பழைய நூலின் துணையோடு, இது பாரசீகக் கிறிஸ்தவர்களின் சிலுவை என்று விளக்கினார். அறிஞர் பலர் அதை ஏற்றார்கள். போர்த்துக்கீசியச் சிலுவையே என்று வாதிடுவோரும் உண்டு.

அந்த நூலை எழுதியவர் அலெக்சாந்திரியா நகரத்து வணிகரான காஸ்மாஸ். காலம் ஏறத்தாழ கி.பி. 550. இலங்கையில் குடியேறிய பாரசீகக் கிறிஸ்தவர்களுக்கு ஓர் ஆலயம் இருந்தது, பாரசீகத்தில் நியமனம் பெற்ற குருவும், ஒரு திருத்தொண்டரும், முறையான வழிபாடும் இருந்தன என்று அவர் குறித்து வைத்திருக்கிறார். நாட்டு மக்களும் அரசரும் வேறு சமயத்தவர் என்றும் சொல்கிறார்.

அதே தலைமுறையில்தான், 537-இல், பேரரசர் யுஸ்தினியான் கான்ஸ்டாண்டிநோபிளில் ஹாகியா சோபியா பேராலயத்தை அர்ச்சித்தார். அந்த மாபெரும் கட்டடம் இன்றும் நிற்கிறது. அனுராதபுரத்து ஆலயத்தின் சுவரோ இதுவரை அடையாளம் காணப்படவில்லை. ஒரு கல்லும், ஒரு வணிகர் எழுதிய சில வரிகளும்தான் மிச்சம். ஆனால் அந்தச் சின்ன மந்தைக்காகக் கடல் கடந்து வந்த குருவும், அந்நிய மண்ணில் செபித்த குடும்பங்களும் இருந்தார்கள் என்பதை அறிய அவையே போதும்.

அன்பானவர்களே, உங்கள் ஊர்ச் சிற்றாலயத்தைப் புதுப்பிக்கும்போது பழைய கல்லையோ, கல்லறைப் பலகையையோ, செல்லரித்த திருமுழுக்குப் பதிவேட்டையோ "பழசுதானே" என்று ஒதுக்கிவிடாதீர்கள். படம் எடுங்கள்; தேதியை எழுதி வையுங்கள்; பாட்டியிடம் அதன் கதையைக் கேளுங்கள். நான் தலையசைத்ததுபோல நீங்களும் தலையசைத்துவிட வேண்டாம்.

தூய பேதுரு நம்மை உயிருள்ள கற்கள் என்கிறார். நமக்கு முன் விசுவசித்தவர்களும் அந்தக் கட்டடத்தின் கற்களே. அவர்களை மறவாதிருக்க இறைவன் நமக்கு அருள்வாராக. ஆமென்.