ஸ்லோக்கம் பெற்ற ஓடம்

நீராவிக் கப்பல்கள் பெருகியதால் பாய்க்கப்பல் தலைவர் பலர் தொழிலிழந்தனர். அமெரிக்காவில் வாழ்ந்த ஜோஷுவா ஸ்லோக்கம் அவர்களுள் ஒருவர். 1892இல், அவருக்கு 48 வயதானபோது, நண்பர் ஒருவர் 'ஸ்பிரே' என்னும் பழைய பாயோடத்தை இனாமாகத் தந்தார். அதுவோ, மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபேர்ஹேவன் ஊரில், கரைக்கு அப்பால் வயலில் சிதைந்து கிடந்தது. அதை உடைக்கவே அவர் வந்தார் என ஊரார் எண்ணினர்.

அவரோ அருகில் நின்ற ஓக் மரத்தை வெட்டி அடிமரம் அமைத்தார்; பலகைகளையும் ஒவ்வொன்றாகப் புதுப்பித்தார். 13 மாத உழைப்பு. பொருட்செலவு 553 டாலர் 62 சென்ட். நீளம் 36 அடி 9 அங்குலம். அகலமோ 14 அடி 2 அங்குலம். அவ்வகலத்தால் ஓடம் அலையில் நிலைத்து நின்றது. உள்ளே உண்ணவும் உறங்கவும் நூல் பயிலவும் இடமும் கிடைத்தது. சுக்கானைக் கட்டிவிட்டால் தானே நெறி தவறாது செல்லும். தனியே செல்வோனுக்கு இதனினும் சிறந்த துணை ஏது?

1895 ஏப்ரல் 24இல் பாஸ்டனை நீங்கிய அவர், 46,000 மைல்களுக்கு மேல் கடந்து, 1898 ஜூன் 27இல் நியூபோர்ட் சேர்ந்தார். உலகைத் தனியே கடல்வழி வலம்வந்த முதல்வர் அவரே.

ஆண்டுகள் சில கழித்து, அதே ஓடத்தில் புறப்பட்டவர் மீளவில்லை. கடல் எவருக்கும் உறுதிமொழி தருவதில்லை. ஆயினும், விலையின்றி வந்ததை விலைமதிப்பற்றதாக்கியது அவருடைய உழைப்பே என்பதை நாம் மறத்தலாகாது.