அசோகு

அசோகு (தாவரவியல் பெயர்: சராக்கா அசோகா) என்பது இந்தியா, இலங்கை, மியான்மர் ஆகிய நாடுகளை இயல்பான வாழிடமாகக் கொண்ட பசுமைமாறா மரம் ஆகும். இது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. சங்க இலக்கியங்களில் பிண்டி, செயலை என்னும் பெயர்களால் குறிக்கப்படுகிறது. குறிஞ்சிப்பாட்டின் மலர்ப் பட்டியலில் பிண்டியும் ஒன்று. சமணர்கள் அருகனுக்குரிய மரமாக இதனைப் போற்றுகின்றனர். ஒடிசா மாநிலத்தின் மலர் அசோக மலரே.

பெயர்க் குழப்பம்

தமிழ்நாட்டில் மதிலோரங்களில் "அசோகா மரம்" என்று நட்டு வளர்க்கப்படுவது பெரும்பாலும் அசோகு அன்று. கோபுரம் போல் உயர்ந்து, கிளைகள் கீழ்நோக்கித் தொங்கும் அம்மரம் நெட்டிலிங்கம் எனப்படும். அது சீத்தாப்பழக் குடும்பத்தைச் சேர்ந்தது. அசோகுடன் எவ்வித உறவும் இல்லாதது. எனவே கன்று வாங்கும்போது பெயரை நம்பாமல் இலையைப் பார்ப்பதே நன்று. நெட்டிலிங்கத்தின் இலை தனியிலை, அதன் விளிம்பு அலையலையாக இருக்கும். அசோகின் இலை கூட்டிலை. ஒரே காம்பின் இருபுறமும் பொதுவாக நான்கு முதல் ஆறு இணைச் சிற்றிலைகள் அமைந்திருக்கும்.

தாவரவியலாளரிடையேயும் குழப்பம் இருந்தது. பழைய நூல்கள் இம்மரத்தைச் சராக்கா இண்டிகா என்று குறிப்பிடுகின்றன. அப்பெயர் தென்கிழக்காசியாவில் வளரும் வேறோர் இனத்துக்கு உரியது என்பது 1960களின் பிற்பகுதியில்தான் தெளிவானது.

வீட்டுத் தோட்டத்தில் வளர்த்தல்

அசோகு ஈரப்பாங்கான காடுகளில், பெரும்பாலும் நீரோடைகளின் அருகே, பிற மரங்களின் நிழலில் வளர்வது. தோட்டத்திலும் இச்சூழலை ஓரளவு அமைத்துத் தர வேண்டும். நண்பகல் வெயில் நேரடியாகப் படாத இடமும், நீர் தேங்காத, மட்கு நிறைந்த மண்ணும் ஏற்றவை. இரண்டடி ஆழக் குழியில் மேல்மண்ணுடன் மக்கிய தொழுவுரம் கலந்து, மழைக்காலத் தொடக்கத்தில் கன்றை நடலாம். கோடையில் நீர் குறைந்தால் இலை நுனிகள் கருகும். மரத்தடியில் சருகுகளைப் பரப்பி வைப்பது ஈரத்தைக் காக்கும்.

விதைகள் முளைப்புத்திறனை விரைவில் இழந்துவிடுவதால், முற்றிய காயிலிருந்து எடுத்த உடனேயே விதைக்க வேண்டும். ஓரிரவு நீரில் ஊறவைப்பது முளைப்பை எளிதாக்கும்.

புதிதாக விடும் தளிர்கள் செம்பு நிறத்தில் துவண்டு தொங்கும். இதனை வாட்டமென்று எண்ணி அளவுக்கு மீறி நீர் ஊற்றுவோர் உண்டு. சில நாட்களில் அவை தாமாகவே பச்சையாகி விறைக்கும்.

மெதுவாக வளரும் மரமாதலால் பூப்பதற்குப் பல ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும். மலர்கள் பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கொத்துக் கொத்தாகப் பூக்கின்றன. முதலில் மஞ்சள் கலந்த செம்மஞ்சளாக இருந்து, பின்னர் சிவப்பாக மாறும். இதழ்கள் போல் தோன்றுபவை உண்மையில் புல்லிகளே. அசோக மலருக்கு அல்லி இதழ்கள் இல்லை. முதிர்ந்த கிளைகளிலும் அடிமரத்திலும்கூட நேரடியாகப் பூக்கும் என்பதால், அழகுக்காகப் பழைய கிளைகளை வெட்டுவது பூக்களை இழப்பதற்கு ஒப்பாகும்.

பட்டையும் அழிவும்

அசோகின் பட்டை, மாதவிடாய்க் கோளாறுகளுக்கு ஆயுர்வேதத்தில் வழங்கப்படும் அசோகாரிஷ்டத்தின் முதன்மைப் பொருள். இதற்காகக் காட்டு மரங்கள் உரிக்கப்படுகின்றன. தண்டைச் சுற்றிலும் பட்டை உரிக்கப்பட்ட மரம், இலைகளில் உருவாகும் உணவு வேர்களுக்குச் செல்ல வழியின்றிப் பட்டுப்போகும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 1998 இல் இம்மரத்தை அழிவாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிட்டது. பட்டை கிடைப்பது அரிதானதால் சந்தையில் கலப்படமும் பெருகியது. அவ்வாறு கலக்கப்படுவனவற்றுள் ஒன்று நெட்டிலிங்கத்தின் பட்டை.